அனலாக் கன்ட்ரோலரை டிஜிட்டலாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பட்டறைக்காரர்களும், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டோடு அலையும் பொறியியல் மாணவர்களும் மாறி மாறிக் கேட்பவை இவை. பதில் சொல்ல வசதியாக இரண்டு அமைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஈத்தாமொழிப் பக்கம் தும்புக் கயிறு திரிக்கும் மெஷினில் ஓடும் டி.சி. மோட்டார். அதன் வேகத்தை ஓர் ஆப்-ஆம்ப் (அனலாக் சிக்னலைப் பெருக்கும், கூட்டும் ஐ.சி.) போர்டு பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று, குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் அறை. வெப்பம் 40 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நிற்க வேண்டும். முதலாவது துடிப்பானது, இரண்டாவது அசைந்து கொடுக்கவே நேரம் எடுப்பது. கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் மெஷினுக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய போர்டு நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

ஓடினால் மாற்றாதீர்கள். கடலோர உப்புக் காற்றில் ப்ரீசெட் (திருகி வைக்கும் சிறு ரெசிஸ்டர்) தேய்ந்து செட்டிங் நகர்ந்துகொண்டே இருக்கிறது, பழைய ஐ.சி. கிடைக்கவில்லை, ஒரே மெஷினில் மூன்று வகைக் கயிறுக்கு மூன்று செட்டிங் வேண்டும் என்ற நிலை வந்தால் மாற்றலாம். "டிஜிட்டல் என்றால் துல்லியம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாற்றிய அன்று லூப்பின் (அளந்து, கணக்கிட்டு, திருத்தி, மறுபடி அளக்கும் சுற்றின்) தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப் போட்டு அடக்கி வைப்பதுதான் இந்த வேலையே.

மாற்றுவது என்றால் சரியாக என்ன செய்கிறோம்?

முதலில் போர்டைப் படிக்க வேண்டும். மோட்டார் போர்டில் ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் பழுப்பு-கறுப்பு-மஞ்சள் ரெசிஸ்டர்: 100 கிலோ ஓம். பின்னூட்டத்தில் சிவப்பு-கறுப்பு-மஞ்சள்: 200 கிலோ ஓம். அதோடு தொடராக 105கே என்று அச்சடித்த கெப்பாசிட்டர், அதாவது 1 மைக்ரோ ஃபாரட். இது ஒரு பி.ஐ. கன்ட்ரோலர்: பிழையை, அதாவது வேண்டிய வேகத்துக்கும் அளந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு மடங்கு பெருக்குவதும் (கெயின்) காலப்போக்கில் கூட்டிச் சேர்ப்பதும் (இன்டக்ரல்) அதன் வேலை. கெயின் 200 ÷ 100 = 2. இன்டக்ரல் நேரம் 200 கிலோ ஓம் × 1 மைக்ரோ ஃபாரட் = 0.2 நொடி.

கெப்பாசிட்டர் இடைவிடாமல் கூட்டிக்கொண்டிருந்ததை இனி மைக்ரோகன்ட்ரோலர் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை கூட்டப் போகிறது. அந்த இடைவெளிதான் சாம்பிள் நேரம். 5 மில்லிசெகண்ட் என்று வைத்தால், கன்ட்ரோலர் மொத்தமும் ஒரே வரியில் அடங்கிவிடும்:

புதிய வெளியீடு = பழைய வெளியீடு + 2.05 × பிழை − 2 × பழைய பிழை

2 என்பது கெயின். கூடுதலாக நிற்கும் 0.05 எப்படி வந்தது என்றால், கெயின் × சாம்பிள் நேரம் ÷ இன்டக்ரல் நேரம், அதாவது 2 × 0.005 ÷ 0.2. இதில் கவனிக்க வேண்டியது, எண்களுக்குள் சாம்பிள் நேரம் புதைந்து கிடக்கிறது. நேரத்தை மாற்றினால் எண்களையும் மாற்றியாக வேண்டும்.

ஆய்லர், டஸ்டின் என்று பல சூத்திரம் இருக்கிறதே, எதை எடுப்பது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்குக் கொடுக்கிற முக்கியத்துவம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

லாப்லாஸ் உலகின் எஸ் (இடைவிடாத நேரத்தில் வகையீட்டைக் குறிப்பது) இருக்கும் இடத்தில் இசட் (ஒரு சாம்பிள் முன்னே நகர்வதைக் குறிப்பது) வரும் ஒரு கோவையைப் போடுகிறோம். முன்னோக்கிய ஆய்லர் எடுத்தால், எஸ் = (இசட் − 1) ÷ சாம்பிள் நேரம். பின்னோக்கிய ஆய்லரில் அதையே இன்னொரு முறை இசட்டால் வகுக்கிறோம். டஸ்டினில் 2 ÷ சாம்பிள் நேரம் என்பதை (இசட் − 1) ÷ (இசட் + 1) என்பதோடு பெருக்குகிறோம். இது ஆர்னால்ட் டஸ்டின் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1947-இல் கொடுத்த வழி. பரப்பளவைச் செவ்வகமாகக் கணக்கிடாமல் சரிவகமாகக் கணக்கிடுவதுதான் அதன் உள்விஷயம்.

நம் மோட்டார் போர்டுக்கு மூன்றையும் போட்டுப் பார்த்தால், முன்னோக்கிய ஆய்லரில் 2 மற்றும் −1.95. பின்னோக்கியதில் 2.05 மற்றும் −2. டஸ்டினில் 2.025 மற்றும் −1.975. ஒன்றுக்கொன்று இரண்டரை சதவீதத்துக்குள் நிற்கின்றன. 105கே-யில் உள்ள அந்தக் 'கே' எழுத்துக்கே 10 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று பொருள். அந்த 10 சதவீதத்தோடு இத்தனை வருஷம் கயிறு திரித்த மெஷின், இந்த இரண்டரைக்கு முறுக்கிக்கொள்ளாது. சாதாரண பி.ஐ.-க்கு எந்தச் சூத்திரமும் ஓடும்.

சூத்திரம் உண்மையிலேயே வேறுபடும் இடம் வேகமான துருவங்கள். துருவம் என்பது ஓர் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்லும் எண்; டிஜிட்டலில் அதன் அளவு 1-க்குக் கீழே (அலகு வட்டத்துக்குள்) இருந்தால்தான் அடங்கும், அதாவது நிலையானது. நிலையான அனலாக் துருவம் ஒன்றை முன்னோக்கிய ஆய்லர் நிலையற்றதாக்கிவிட முடியும். பின்னோக்கியது ஒருபோதும் அப்படிச் செய்யாது. டஸ்டினும் செய்யாது, எஸ் தளத்தின் இடது பாதியை (நிலையான அனலாக் துருவங்கள் இருக்கும் பகுதியை) அப்படியே அலகு வட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். ஆனால் டஸ்டினுக்கும் ஒரு கோளாறு உண்டு, டிஃபரன்ஷியல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சாம்பிள் நேரத்தை எப்படி முடிவு செய்வது?

எல்லா வேலையும் இங்கேதான் இருக்கிறது. சூத்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வெளியீட்டை ஒருமுறை எழுதினால் அடுத்த சாம்பிள் வரை அது அப்படியே நிற்கும். மேலே ஏறிப்போகும் கோட்டைப் படிக்கட்டாக வெட்டியது போல ஆகும். அந்தப் படிக்கட்டின் சராசரியைப் பார்த்தால், அசல் கோட்டுக்கு அரை சாம்பிள் பின்னால் வருகிறது. ஆக, எந்தச் சூத்திரம் போட்டாலும் அரை சாம்பிள் தாமதம் தவிர்க்க முடியாதது. இதோடு, இந்த முறை படித்ததைக் கணக்கிட்டு அடுத்த முறைதான் வெளியே எழுதுகிறோம் என்றால் இன்னொரு முழு சாம்பிள் சேரும். மொத்தம் ஒன்றரை.

இந்தத் தாமதம் ஃபேஸ் மார்ஜினிலிருந்து (லூப் நிலைகுலைய இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்ற இருப்பிலிருந்து) கழியும், சம்பளத்தில் பிடித்தம் போல. எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் சமாளிக்கலாம்.

மோட்டார் லூப்பின் கெயின் 1 ஆகும் இடம், அதாவது கிராஸ்ஓவர், நொடிக்கு 20 ரேடியன் என்றும் அனலாகில் ஃபேஸ் மார்ஜின் 55 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். சாம்பிள் நேரம் 20 மில்லிசெகண்ட் எடுத்தால் அரை சாம்பிளுக்கு 20 × 0.01 = 0.2 ரேடியன், அதாவது 11.5 டிகிரி போகும். கணக்கிடும் தாமதத்துக்கு இன்னொரு 23 டிகிரி. 55-இல் 34 போய் மிச்சம் 21. மோட்டார் செட் பாயின்ட்டை, அதாவது நாம் வைத்த வேகத்தை, தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி ஆடும். கயிற்றின் முறுக்கு இடத்துக்கு இடம் மாறும். இதைப் பார்த்துவிட்டு "டஸ்டின் போட்டால் சரியாகுமா?" என்று கேட்பார்கள். ஆகாது. போனது சூத்திரத்தால் போன டிகிரி அல்ல.

அதே லூப்பில் 5 மில்லிசெகண்ட் என்றால் அரை சாம்பிளுக்கு 2.9, முழு சாம்பிளுக்கு 5.7, மொத்தம் 8.6 டிகிரி. மிச்சம் 46. இதோடு வாழலாம்.

அனலாக் வடிவமைப்பை அப்படியே மாற்றும்போது, க்ளோஸ்டு லூப் பேண்ட்வித் (மூடிய லூப் ஈடுகொடுக்கும் அதிர்வெண் வரம்பு) எவ்வளவோ அதைப் போல 20 முதல் 30 மடங்கு வேகத்தில் சாம்பிள் எடுப்பது பாடப்புத்தகங்களும் ஏற்கும் வழக்கம். மோட்டாரின் பேண்ட்வித் ஏறக்குறைய 4 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 80 முதல் 120 சாம்பிள். நான் 5 மில்லிசெகண்ட் எடுத்தது அதைவிடச் சற்றுத் தாராளம்.

ஷீட் உலர்த்தும் அறையின் கணக்கே வேறு. அங்கே கிராஸ்ஓவர் நொடிக்கு 0.005 ரேடியன் என்றால், 2 நொடிக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்தாலும் ஒன்றரை சாம்பிளுக்குப் போவது 0.015 ரேடியன். ஒரு டிகிரி கூட இல்லை.

சிப்தான் வேகமானது ஆயிற்றே, எல்லாவற்றுக்கும் 1 மில்லிசெகண்ட் வைத்துவிட்டால் என்ன?

அறையில் அதைச் செய்து பாருங்கள், வெப்பம் செட் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அதைத் தொடவே தொடாது. ஏன் என்று பார்ப்போம். கெயின் 2, இன்டக்ரல் நேரம் 600 நொடி. ஒவ்வொரு முறையும் கூட்டப்படும் தொகை 2 × 0.001 ÷ 600 × பிழை. பிழை ஏ.டி.சி.யின் (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதியின்) ஓர் எண்ணிக்கை என்றால் 0.0000033. முழு எண் கணக்கில் இது பச்சையாகப் பூஜ்யம்.

"நான் ஃப்ளோட்டில்தான் (தசமப் புள்ளி எண்ணில்தான்) எழுதியிருக்கிறேன்" என்பீர்கள். 32 பிட் ஃப்ளோட்டில் 500-க்குப் பக்கத்திலுள்ள இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளி சுமார் 0.00003. அதில் பாதிக்குக் கீழே எதைக் கூட்டினாலும் விடை மாறாது. ஆக இன்டக்ரல் 500 என்று நிற்கும்போது பிழை 4 எண்ணிக்கை இருந்தால்கூட எதுவும் சேராது, எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும். சாம்பிள் நேரத்தை 2 நொடி ஆக்குங்கள், கூட்டப்படுவது 0.0067 ஆகிவிடும். பிரச்சினை தீர்ந்தது.

வெப்பம் 20 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதுபோல் காட்டுகிறது. ஹீட்டர் கோளாறா?

முதலில் ஹீட்டரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஆடினால் அது வெப்பமே இல்லை, சென்சார் ஒயரில் ஏறிய மெயின்ஸ் இரைச்சல்.

மின்சாரத்தின் அதிர்வெண் மிகச் சரியாக 50 ஹெர்ட்ஸில் நிற்பதில்லை. 49.95 என்று இருக்கும் நேரத்தில் 2 நொடிக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்தால், அந்த இரைச்சல் 0.05 ஹெர்ட்ஸாக மாறுவேடம் போட்டு வரும். 20 நொடிக்கு ஓர் ஆட்டம். கிரிட் அதிர்வெண் நகர்ந்தால் ஆட்டத்தின் வேகமும் நகரும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கன்ட்ரோலர் இதை நிஜம் என்று நம்பி ஹீட்டரைப் போட்டு அணைக்கும்.

சாம்பிள் எடுத்த பிறகு சாஃப்ட்வேரில் எதைச் செய்தாலும் இது போகாது, ஏனென்றால் அந்த இடத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே வழியில்லை. ஏ.டி.சி.க்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வைத்து வடிகட்ட வேண்டும். அதோடு, 1 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக 20 முறை படித்துச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை 2 நொடிக்கு ஒருமுறை கன்ட்ரோலருக்குக் கொடுங்கள். 20 மில்லிசெகண்ட் என்பது மெயின்ஸின் ஒரு முழுச் சுற்று, மேலும் கீழும் கழிந்து இரைச்சல் கிட்டத்தட்டச் செத்துவிடும்.

மோட்டாருக்கும் வடிகட்டி வேண்டும், ஆனால் அங்கே அது இலவசம் இல்லை. 3 மில்லிசெகண்ட் நேர மாறிலியுள்ள வடிகட்டி நொடிக்கு 20 ரேடியனில் 3.4 டிகிரி தின்னும். அதையும் பிடித்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

50 ஹெர்ட்ஸுக்கு நாட்ச் ஃபில்டர் (ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டேன். இரைச்சல் அப்படியே இருக்கிறது. ஏன்?

அனலாக் நாட்ச்சை டஸ்டினில் மாற்றியிருப்பீர்கள். டஸ்டின் அதிர்வெண் அச்சை அமுக்கிவிடும்; மேலே போகப் போக அதிகம் அமுக்கும். 5 மில்லிசெகண்ட் சாம்பிளில் 50 ஹெர்ட்ஸுக்கு வைத்த பள்ளம் 42.4 ஹெர்ட்ஸில் போய் விழுகிறது. 50 பத்திரமாகக் கடந்துபோகிறது.

இதற்கு ப்ரீவார்ப்பிங் என்று ஒரு மருந்து உண்டு. 2 ÷ சாம்பிள் நேரம் என்ற எண்ணுக்குப் பதிலாக, உங்களுக்கு வேண்டிய அதிர்வெண்ணை ரேடியனில் எடுத்து, அதை (அதே அதிர்வெண் × சாம்பிள் நேரம் ÷ 2) என்பதன் டேன்ஜென்ட்டால் வகுத்துப் போடுங்கள். பள்ளம் சரியாக 50-இல் உட்காரும். இங்கே சூத்திரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. பி.ஐ.-க்கு இது தேவையில்லை.

டிஃபரன்ஷியல் பகுதியைச் சேர்த்ததும் வெளியீடு நடுங்குகிறது.

டிஃபரன்ஷியல் (கீழே 'டி') என்பது அளவீடு மாறும் வேகத்துக்கு ஏற்பத் திருத்தும் பகுதி. இங்கே இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்து கிடக்கும்.

முதலாவது, வடிகட்டி இல்லாத டிஃபரன்ஷியல். டிஃபரன்ஷியல் நேரத்தை 20 மில்லிசெகண்ட் என்று வைத்தால், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 மில்லிசெகண்ட், நேர மாறிலியுள்ள வடிகட்டி சேர்ப்பது வழக்கம். இரண்டாவது, அந்த 2 மில்லிசெகண்ட் வடிகட்டியை 5 மில்லிசெகண்ட் சாம்பிளில் எப்படி மாற்றினீர்கள் என்பது. முன்னோக்கிய ஆய்லரில் துருவம் 1 − 5 ÷ 2 = −1.5. வெடித்துவிடும். டஸ்டினில் (4 − 5) ÷ (4 + 5) = −0.11. நிலையானது, ஆனால் குறி எதிர்மறை என்பதால் ஒரு சாம்பிள் மேலே, ஒரு சாம்பிள் கீழே என்று லேசாக உதறும். வடிகட்டியை இன்னும் சிறிதாக்கி 0.1 மில்லிசெகண்ட் வைத்தால் டஸ்டின் துருவம் −0.92, உதறல் லேசில் நிற்காது. பின்னோக்கிய ஆய்லரில் 2 ÷ 7 = 0.286, சாந்தமாக இருக்கும்.

டிஃபரன்ஷியலுக்குப் பின்னோக்கியது, கண்ணை மூடிக்கொண்டு:

புதிய டி = 0.286 × பழைய டி − 5.71 × (அளவீடு − பழைய அளவீடு)

பிழையின் மேல் வைக்காமல் அளவீட்டின் மேல் வைத்ததைக் கவனியுங்கள். ஆப்பரேட்டர் வேகத்தைத் திருகும் ஒவ்வொரு முறையும் மோட்டாருக்கு அடி விழாமல் இருக்க அது.

வெளியீடு 100 சதவீதத்தில் முட்டி நிற்கும்போது என்ன செய்ய வேண்டும்?

இன்டக்ரல் மேலும் கூட்டிக்கொண்டே போகவிடக் கூடாது. ஆப்-ஆம்பில் சப்ளை வோல்டேஜே ஒரு வரம்பாக இருந்தது. ப்ரோகிராமில் அந்த வரம்பு தானாக வராது.

முப்பந்தலில் ஆனி, ஆடிக் காற்றில் சுழலும் ஆலைகளில், இறக்கையின் கோணத்தைத் திருப்பிக் கட்டுப்படுத்தும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று குறைவாக இருக்கும்போது வேகம் செட் பாயின்ட்டுக்குக் கீழே இருக்கும், இறக்கை தன் கடைசிக் கோணத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் முழுக்க இன்டக்ரல் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொண்டே போனால், ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து திடீரென்று ஒரு காற்று அடிக்கும்போது முதலில் அந்தப் பழைய கடனைத் தீர்த்துவிட்டுத்தான் இறக்கை திரும்பத் தொடங்கும். அதற்குள் சுழலி வேகம் எல்லை மீறிவிடும்.

மேலே கொடுத்த "பழைய வெளியீடு + மாற்றம்" வடிவத்தில் தீர்வு எளிது. வெளியீட்டை 0-க்கும் 100-க்கும் நடுவே வெட்டிவிட்டு, வெட்டிய எண்ணையே பழைய வெளியீடாகச் சேமியுங்கள். வெட்டாத எண்ணைச் சேமித்தால் பிரச்சினை அப்படியே திரும்பி வரும்.

ப்ரோகிராம் லூப்பில் 5 மில்லிசெகண்ட் டிலே போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. டிலே 5, அதற்கு மேல் கணக்குப் போடும் நேரம், ஏ.டி.சி. படிக்கும் நேரம். இதெல்லாம் சிறியது. பெரிய திருடன் சீரியல் பிரின்ட். 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்து போக 1 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் 20 எழுத்து அச்சடித்தால், பஃபர் நிரம்பியதும் ப்ரோகிராம் நின்று காத்திருக்கும். உங்கள் 5 மில்லிசெகண்ட் சுற்று 21 ஆகிவிடும். எண்களோ 5-க்குப் போட்டவை. இன்டக்ரல் நேரம் நாலு மடங்கு நீண்டது போல ஆகும், தாமதமும் நாலு மடங்கு. வீட்டில் பார்க்கும்போது நன்றாக ஓடிய ப்ரோகிராம் டிபக் வரி சேர்த்ததும் ஆட ஆரம்பிப்பது இதனால்தான்.

டைமர் இன்டரப்ட் (குறித்த நேரத்தில் மற்ற வேலையை நிறுத்திவிட்டுத் தானே ஓடும் பகுதி) வைத்து ஓட்டுங்கள். அச்சடிப்பதை நொடிக்கு இரண்டு முறை, மெயின் லூப்பில். இன்டரப்ட்டுக்குள்ளும் வரிசை முக்கியம்: படி, வெளியீட்டைக் கணக்கிடு, உடனே வெளியே எழுது, பழைய பிழையைப் புதுப்பிப்பது, ஃபில்டர் நிலைகளை நகர்த்துவது எல்லாம் அதற்குப் பிறகு. இந்த ஒரு மாற்றத்தில், மேலே கணக்கிட்ட ஒன்றரை சாம்பிள் தாமதம் அரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். காசு செலவில்லாமல் 5 டிகிரி.

மேட்லாபில் சி-டூ-டி கட்டளை கொடுத்தால் தானே மாற்றித் தருமே?

தரும். எந்த முறை என்று சொல்லாவிட்டால் ஜீரோ ஆர்டர் ஹோல்டில் (அடுத்த சாம்பிள் வரை உள்ளீடு அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்ளும் முறையில்) மாற்றித் தரும். பைதானின் சைபையிலும் அப்படித்தான். அது மோட்டாருக்கு, அறைக்குச் சரியான முறை, ஏனென்றால் அவற்றின் உள்ளீடுதான் படிக்கட்டாக வருகிறது. கன்ட்ரோலருக்கு அல்ல. டிஃபரன்ஷியல் இல்லாத கன்ட்ரோலருக்கு டஸ்டின் என்று எழுதிக் கொடுங்கள்.

நேரடியாக டிஜிட்டலிலேயே வடிவமைத்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

சாம்பிள் நேரத்தைச் சிறிதாக்க வழியே இல்லாதபோது அப்படிச் செய்வதுதான் நல்லது. மோட்டாரின் மாதிரியை ஹோல்டோடு சேர்த்து மாற்றிக்கொண்டு, இசட்டிலேயே துருவங்களை வைக்கலாம். ஆனால் நல்ல மாதிரி கையில் வேண்டும். பட்டறை மெஷின்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. கிடைப்பது, பல வருஷம் ஒழுங்காக ஓடிய ஓர் அனலாக் போர்டு.

புதிய போர்டை நேரே மெஷினில் மாட்டிப் பார்க்கலாமா?

பழையதை ஓடவிட்டு, புதியதற்கு அதே டாக்கோ (வேகம் அளக்கும் சென்சார்) சிக்னலைக் கொடுத்து, வெளியீட்டை மட்டும் இணைக்காமல் பதிவு செய்து ஒப்பிடலாம். ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அப்படிச் செய்யும்போது புதிய போர்டின் வெளியீடு மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து வரம்பில் போய் முட்டும். பயப்பட வேண்டாம். லூப் பழையவர் கையில் இருக்கிறது. இரண்டு போர்டும் பிழையை அளப்பதில் உள்ள சில மில்லிவோல்ட் வித்தியாசத்தைப் புதியது கூட்டிக்கொண்டே போகிறது. ஆகவே மொத்த வெளியீட்டை ஒப்பிடாதீர்கள். வேகத்தைச் சட்டென்று கொஞ்சம் மாற்றி, அந்த நொடியில் இரண்டும் எவ்வளவு குதிக்கின்றன, அடுத்த அரை நொடியில் எந்தச் சரிவில் ஏறுகின்றன என்பதை மட்டும் பாருங்கள்.

மாற்றும் கணத்தில், பழைய போர்டின் அப்போதைய வெளியீட்டைப் படித்து அதைப் "பழைய வெளியீடு" என்ற இடத்தில் எழுதிவிட்டு ஸ்விட்சைத் திருப்புங்கள், மோட்டார் குலுங்காது. கரண்ட் போய் வந்த பிறகு எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்து எழுதிவையுங்கள். நம் ஊரில் அது வாரத்தில் ஒருநாளாவது தேவைப்படும்.

பிறகு கயிறு ஏற்றாமல், வேகத்தில் 10 சதவீதம் ஏற்றிக் கொடுத்துப் பாருங்கள். கணக்கில் வந்ததைவிட அதிகமாகத் தாண்டினால் உடனே கெயினைத் தொடாதீர்கள். இன்டரப்ட் தொடங்கும்போது ஒரு பின்னை ஏற்றி, முடியும்போது இறக்கச் சொல்லி எழுதி, ஆசிலோஸ்கோப்பில் அந்தப் பின்னைப் பாருங்கள்: இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே உண்மையில் 5 மில்லிசெகண்ட்தான் இருக்கிறதா என்று.